பட்டாசு விபத்து நிவாரணம் (சிவகாசி)

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரப் பட்டாசு ஆலை விபத்துகளில் உயிரிழந்தோரின் குடும்பங்களுக்கும், தீக்காயம்பட்டோரைப் பராமரிக்கும் குடும்பங்களுக்கும் சட்டப்படியும் அரசாணைப்படியும் கிடைக்கும் உதவி.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் இயற்றப்பட்டது. 1924 ஜூலை 1இல் அது நடைமுறைக்கு வந்தது. வேலையில் இறந்தவருக்கு 30 மாதக் கூலி அல்லது 2,500 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது என்பது அன்றைய விதி. 'குறைவு' என்பது 'அதிகம்' என மாற 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டுத் திருத்தத்தில்தான் மாதக் கூலியில் 40 விழுக்காட்டை வயதுக்கேற்ற காரணியால் பெருக்கும் முறையும் வந்தது. 1948இன் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் (இ.எஸ்.ஐ.) ஒரே தொகைக்குப் பதிலாக மாத உதவித்தொகை வகுத்தது: முழு உதவித்தொகையில் விதவைக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஐந்தில் இரண்டு பங்கு, கூட்டினால் மிஞ்சும்போது எல்லாப் பங்கும் குறையும். விதவை மறுமணம் செய்தால் அவர் பங்கு நின்றுவிடும்.

சிவகாசித் தீப்பெட்டி ஆலைச் சிறார் குறித்த எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990இல் ஒவ்வொரு தொழிலாளருக்கும் 50,000 ரூபாய்க் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். அவர்களுள் பலர் காப்பாற்ற ஓடிவந்த ஊர்க்காரர்கள்; ஆலைப் பணியாளர் அல்லாததால் இழப்பீட்டுச் சட்டம் அவர்களைத் தொடாது. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கெடுத்து உயிரிழப்புக்கு 20 லட்சம் ரூபாய் விதித்தது.

பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்விச் செலவை ஏற்பதாகத் தமிழக அரசு 2024இல் அறிவித்தது.

தீக்காயம்பட்டவரோடு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் வாரக்கணக்கில் தங்கும் மனைவியோ தாயோ இழக்கும் கூலி மேற்சொன்ன எந்தக் கணக்கிலும் வருவதில்லை. உள்குத்தகையில் வேலை பார்த்தவரின் பெயர் ஆலைப் பதிவேட்டில் இல்லாவிட்டால், அவர் அங்குதான் வேலை செய்தார் என்று காட்டும் சுமையும் குடும்பத்தின் தலையில் விழுகிறது. இழப்பீட்டு மனுவை இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.