சீட்டும் உழைப்பாளியும்

அரசாட்சி ஆயுதத்தால் மட்டும் நடைபெறுவதன்று, காகிதத்தாலும் நடைபெறுகின்றது. நிலத்திற்குப் பட்டா, கடைக்கு லைசென்சு, வண்டிக்கு எண், பிறப்புக்கும் இறப்புக்கும் பதிவு என்று மனித வாழ்வின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சீட்டு நிற்கின்றது. அச்சீட்டு எவர் கையில் உள்ளதோ அவருக்கே உரிமை. எவர் பெயர் அதில் இல்லையோ, அவர் எத்துணை உழைத்திருப்பினும் சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படார். ஜொகூர் நாட்டில் காடழித்து, ரயில் பாதை இட்டு, ரப்பர் மரம் வளர்த்த தமிழ் உழைப்பாளியின் வரலாற்றை இவ்வழியில் நோக்கினால், நாம் இதுகாறும் எண்ணிப் பாராத ஓர் உண்மை வெளிப்படும். அவனைப் பற்றி எழுதப்பட்ட சீட்டுகள் பல. அவன் கையில் கொடுக்கப்பட்டவை மிகச் சில. இவ்வேற்றுமைக்கு நம்மவர் கொடுத்த விலை யாது என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் பொருள்.

ஜொகூரின் தொழில் வரலாறு ஒரு சீட்டினின்றே தொடங்குகின்றது எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தெமெங்கோங் இப்ராகிம், ஆற்றங்கரைக் காடுகளைத் திருத்தி மிளகும் கம்பீரும் பயிரிடுமாறு சீனத் தலைவர்களுக்குப் பத்திரம் வழங்கினார். ‘சூராட் சுங்கை’, அதாவது ஆற்றுப் பத்திரம், என்பது அதன் பெயர். தெரிய வந்துள்ளவற்றுள் முற்பட்டது 1844ஆம் ஆண்டினது. பத்திரம் பெற்ற தலைவர் கங்சூ எனப்பட்டார். அவ்வாற்றுப் புறத்தில் பயிரிடும் உரிமையோடு, அபின், சாராயம், சூதாட்டம், அடகுக்கடை ஆகியவற்றை நடத்தும் உரிமையும் அவரைச் சார்ந்தது. 1873ஆம் ஆண்டில் மகாராஜா அபு பக்கர் இம்முறைக்கெனத் தனிச் சட்டமே வகுத்தார். 1917ஆம் ஆண்டில் கங்சூ உரிமைகள் ஒழிக்கப்பட்டன. கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்னும் ஊர்ப்பெயர்களில் அக்காலத்தின் சுவடு இன்றும் உள்ளது. பத்திரத்தில் ஆற்றின் பெயர் இருந்தது. தலைவரின் பெயர் இருந்தது. கொதிக்கும் கொப்பரையருகில் நின்று கம்பீர் இலை காய்ச்சிய கூலிகளின் பெயருக்கு அதில் இடமில்லை. பின்னர் வந்த தமிழனின் கதையும் இவ்வழியிலேயே நடந்தது.

தமிழன் மலாயாவுக்கு முதலில் வந்தது ஒப்பந்தச் சீட்டின் கீழ். அதில் அவனுடைய பெயர் இருந்தது என்பது மெய்யே. ஆனால் அது அவனைக் கட்டுவதற்கு எழுதப்பட்ட பெயர். குறித்த காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு வெளியேறினால், அது கடன் தகராறாகக் கருதப்படாமல் குற்றமாகக் கருதப்பட்டது, சிறைவாசமும் கிடைத்தது. நாகரிக உலகின் கண்டனத்திற்கு ஆளான அம்முறையில் ஆள் சேர்ப்பது 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்திய 1909ஆம் ஆண்டில்தான் ஜொகூர் ரயில் பாதை முடிவுற்றது. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என அப்பாதை சென்ற வழியெல்லாம் ரப்பர் தோட்டங்கள் பெருகின. தோட்டங்களுக்கு ஆள் வேண்டும், ஒப்பந்தமோ மறைந்தது. அவ்விடத்தைக் கங்காணி முறை நிரப்பியது.

கங்காணி என்பவர் தோட்டத்திலேயே வேலை செய்த ஒருவர். அவரை ஊருக்கு அனுப்பி ஆள் சேர்க்க விரும்பும் துரை, தொழில் இலாகாவில் விண்ணப்பித்து அவர் பெயருக்கு லைசென்சு பெற வேண்டும். லைசென்சுடன் கங்காணி தம் ஊர் சென்று உற்றாரையும் அண்டை அயலாரையும் திரட்டுவார். திரட்டியவர்களைக் கிராம முன்சீப்பின் முன் நிறுத்தி, அவர்கள் புறப்படுவதற்குத் தடையில்லை என்று கையெழுத்துப் பெற வேண்டும். பின்னர் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ மலாயாவின் எமிகிரேஷன் அதிகாரிகள் விசாரிப்பர். அதன்பின் கப்பல், பினாங்கில் இறங்கியதும் நோய் உண்டா என்று அறியும் தனிமை முகாம், அதன்பின் தோட்டம். இச்செலவுக்காக 1907ஆம் ஆண்டு முதல் ஒரு குடியேற்ற நிதி இருந்தது. தமிழ்த் தொழிலாளரை வைத்திருந்த முதலாளிமார் அனைவரும் அதற்கு வரி செலுத்தினர். 1922ஆம் ஆண்டு இந்திய எமிகிரேஷன் சட்டம் வந்த பிறகு, இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவர் கோலாலம்பூரில் அமர்ந்து தொழிலாளர் நிலையைக் கண்காணிக்கலானார்.

இவ்விதிகளால் நன்மையே இல்லை என்று நாம் கூறோம். பெற்றோர் அறியாமல் சிறுவரைக் கொண்டுபோவதும், கணவனை விட்டு மனைவியைப் பிரித்து ஏற்றுவதும் நடந்த காலத்தில், முன்சீப்பின் கையெழுத்து ஓரளவு காப்பாயிற்று. ஆனால் அந்த லைசென்சு எவர் பெயரில் இருந்தது என்பதே கேள்வி. ஆள் கொணர்பவர் பெயரில் அது இருந்தது. வருகின்றவன் அதன் கீழ் ஒரு வரி. பல வரிகளுள் ஒரு வரி. கங்காணிக்கோ, தாம் கொணர்ந்த ஆள் வேலைக்கு வந்த நாள்தோறும் தலைக்கு இத்தனை காசு என்று வருமானம் உண்டு. தோட்டம் சேர்ந்த பின் உழைப்பாளியின் பெயர் செக்ரோல் புத்தகத்தில் ஏறியது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் கிராணி அப்பெயரைக் கூப்பிடுவார். கூப்பிட்ட குரலுக்கு ஆள் உண்டா என்று குறித்துக்கொள்வார். அப்புத்தகம் ஆபீசில் இருந்தது. லயத்தில் இருந்தவனிடம் அவன் இந்நாட்டிற்கு என்று வந்தான், எத்தனை ஆண்டு உழைத்தான் என்பதைக் காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

துண்டு என்றதும் இலங்கை நினைவுக்கு வருகின்றது. அங்கே தேயிலைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்றே ஒரு சீட்டு வழங்கி வந்தது. நம் சொல்லே ஆங்கிலச் சட்டப் புத்தகங்களிலும் ஏறிவிட்டது. தொழிலாளரின் கடன் இவ்வளவு. அதைச் செலுத்தும் தோட்டம் அவரை ஏற்றுக்கொள்ளலாம் என்பதே அச்சீட்டின் சாரம். மனிதன் கைமாறுவதற்கு அவனுடைய கடனே விலைச்சீட்டாயிற்று. 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் அது ஒழிக்கப்பட்டது.

தோட்டத்தைக் காட்டிலும் சுரங்கத்தில் சீட்டின் பிடி இறுகியிருந்தது. ஈயம் விளையும் மலாய் நாடுகளில், ஆற்று மணலை மரத்தட்டில் அலசி ஈயம் பொறுக்கும் ஏழைப் பெண்ணுக்கும் அரசாங்க ‘பாஸ்’ வேண்டும். கோலார் தங்க வயலில் வேலை செய்தவருள் மிகப் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் அதன் சுற்றுப்புறங்களிலிருந்தும் சென்ற ஏழைத் தமிழர். 1930ஆம் ஆண்டில் அவர்களுடைய விரல்ரேகையைப் பதிய வேண்டும் என்ற ஏற்பாடு வந்தபோது, அவர்கள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தனர். குற்றவாளியிடம் எடுக்கும் ரேகையை உழைப்பாளியிடமும் எடுப்பதா என்ற மானக் கேள்வி அதில் அடங்கியிருந்தது.

தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்தது இதனினும் பெரிது. நேட்டாலில் ஒப்பந்தம் முடிந்த இந்தியர், மீண்டும் ஒப்பந்தம் செய்துகொள்ளாமலும் தாய்நாடு திரும்பாமலும் அங்கேயே வாழ விரும்பினால், ஆண்டுதோறும் 3 பவுன் செலுத்தி லைசென்சு எடுக்க வேண்டும் என்று 1895ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஒப்பந்தக் கூலியின் தொடக்கச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். எனவே அந்த லைசென்சின் விலை ஆறு மாதச் சம்பளம். பதினாறு வயது ஆணுக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கும் அது பின்னர் விரிந்தது. வாழ்வதற்கே லைசென்சு! 1913ஆம் ஆண்டில் தம்பி நாயுடுவும், சத்தியாக்கிரகத்தில் இறங்கிய தமிழ்ப் பெண்களும் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளரைத் தட்டியெழுப்பினர். சுரங்கத் தொழிலாளர் கருவிகளைக் கீழே வைத்துவிட்டுக் குடும்பம் குடும்பமாகக் காந்தியாருடன் நடந்தனர். சிறை சென்று நோயுற்ற பதினாறு வயது வள்ளியம்மை 1914ஆம் ஆண்டு பிப்ரவரியில் உயிர் நீத்தாள். அவ்வாண்டே அவ்வரி ஒழிந்தது.

நேட்டாலில் நம்மவர் ஒரு சீட்டை எதிர்த்து வென்றனர். ஜொகூரில் நம்மவருக்கு வந்த சோதனையோ இதற்கு நேர்மாறானது. இங்கே சீட்டு இன்மையே பகையாயிற்று.

1936ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்த சீனிவாச சாஸ்திரியார், கங்காணி மூலம் ஆள் சேர்ப்பதை நிறுத்த வேண்டும் எனத் தம் அறிக்கையில் பரிந்துரைத்தார். 1938ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உதவி பெற்ற குடியேற்றத்தை இந்திய அரசாங்கம் தடை செய்தது. லைசென்சுக் காலம் அத்துடன் முடிந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் ஜப்பானியர் ஜொகூரைக் கடந்து சிங்கப்பூரைப் பிடித்தனர். சயாம்–பர்மா ரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943ஆம் ஆண்டு அக்டோபரில் முடிந்தது. அங்கே மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களுக்குப் படைப் பதிவேடு இருந்தது. அதனால் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. நம்மவர்க்கு அத்தகைய பதிவேடு இல்லை; ஆதலால் ஆளுக்கொரு கல்லும் இல்லை. எத்தனை பேர் மாண்டனர் என்பதற்கு ஆளுக்கொரு கணக்குச் சொல்லுகின்றனர். எழுதப்படாத பெயர், இறந்த பின்னும் எண்ணப்படுவதில்லை.

1948ஆம் ஆண்டில் அவசரகாலம் பிறந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளையும் நாட்டிலிருந்த குடிகளையும் பிரித்தறிய, பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன அனைவருக்கும் படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை வழங்கப்பட்டது. தோட்டத் தமிழன் தன் பெயரெழுதிய அரசாங்க அட்டையைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளத் தொடங்கியது அப்பொழுதுதான். சந்தேகத்தில் பிறந்த அட்டையாயினும், அது அவனுடைய அட்டை. எனினும் அடையாளம் வேறு, குடியுரிமை வேறு. 1957ஆம் ஆண்டில் நாடு விடுதலையடைந்தபோது, முன்னரே பிறந்தவரும் வந்தவரும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியவராயினர். இத்தனை ஆண்டு வாழ்ந்தமைக்கு ஆதாரம், மலாய்மொழியில் ஓரளவு அறிவு என நிபந்தனைகள் இருந்தன. பலர் விண்ணப்பித்தனர். பலர் விண்ணப்பிக்கவில்லை. எழுத்தறியாமை ஒரு காரணம். பட்டணத்து ஆபீசுக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும் என்பது மற்றொரு காரணம். ஊரில் ஒரு காணி வாங்கித் திரும்பிவிடலாம் என்ற கனவு இன்னொரு காரணம். இவை எல்லாவற்றிலும் பெரியது, தோட்டத்திற்குள் இருக்கும் வரை வெளியுலகச் சீட்டு எதற்கு என்ற நினைப்பு. அந்நினைப்பைத் தோட்ட வாழ்வே அவர்களுக்குப் பழக்கிவிட்டிருந்தது.

அந்நினைப்பின் விலை 1969ஆம் ஆண்டில் தெரிந்தது. குடிமக்கள் அல்லாதார் வேலை செய்வதற்கு அரசாங்க அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்று 1968ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தது. முப்பது நாற்பது ஆண்டுகள் இதே மண்ணில் பால் வெட்டியவர்கள், தாம் நட்ட மரத்தைத் தாமே வெட்டுவதற்கு அனுமதி கேட்டு நின்றனர். சிவப்பு அட்டை வைத்திருந்தவர்கள் ‘ஒர்க் பெர்மிட்’ என்ற சொல்லைக் கேட்டு அஞ்சினர். சுமார் 60,000 இந்தியர் மூட்டை முடிச்சுடன் கப்பலேறினர் என்பது வரலாறு. தாம் பிறந்தே அறியாத ஊருக்குப் பிள்ளைகளும் உடன் சென்றனர். எந்தக் கப்பல் பாட்டனை லைசென்சு காட்டி இறக்கியதோ, அதே கடல்வழியில் பேரன் சீட்டில்லாமையால் திரும்பினான்.

இது அவர்களுடைய அலட்சியத்தின் பயன் என்று கூறுவாரும் உளர். அக்கூற்று நியாயமன்று. ஆள் வேண்டியபோது முன்சீப், எமிகிரேஷன் அதிகாரி, தொழில் இலாகா, ஏஜெண்டு எனப் பல மேசைகளில் இம்மக்களைப் பற்றி எழுதிய கைகள், அவ்வெழுத்தின் ஒரு பிரதியை அவர்களிடம் கொடுக்கும் கடமையை உணரவில்லை. வந்த ஆண்டு எழுதப்பட்டிருந்தது. அதை மெய்ப்பிக்கும் பொறுப்போ, எழுதியவர் மேல் விழாமல் எழுதப்பட்டவன் மேல் விழுந்தது. வந்ததற்கு ஆதாரம் உன்னிடம் உண்டா என்று எழுத்தறியாதவனைக் கேட்பது, கணக்கைப் பூட்டி வைத்துவிட்டுக் கடன்காரனிடம் கணக்குக் கேட்பதற்கு ஒப்பாகும்.

அந்நோய் இன்றும் முற்றும் தீர்ந்துவிடவில்லை. பிறப்புப் பதியப்படாத பிள்ளை, பள்ளியில் சேரும் வேளையில் தடுமாறுகின்றது. 1982ஆம் ஆண்டு முதல் திருமணப் பதிவு சட்டப்படி கட்டாயமாயிற்று. கோயிலில் தாலி கட்டியதே போதும் என்று நின்றுவிட்டவர்களின் பிள்ளைகளுக்கு, தாய் குடியுரிமை அற்றவராயின், தந்தையின் குடியுரிமை எளிதில் சென்று சேர்வதில்லை. கிராணி காதால் கேட்டு எழுதிய பெயர் ஒன்று, அட்டையிலுள்ள பெயர் ஒன்று என்று அலையும் முதியவரும் உண்டு. அரசாங்கம் இவர்களைத் தேடிச் சென்று பதிய வேண்டும். பல ஆண்டு இந்நாட்டில் உழைத்த உண்மையையே ஆதாரமாக ஏற்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. இது சலுகை அன்று. பழைய கணக்கைத் தீர்ப்பதாகும்.

நம் பங்கிலும் வேலை உண்டு. ஒவ்வொரு தோட்டத்திலும், தோட்டம் கைமாறி மக்கள் குடிபெயர்ந்த ஒவ்வொரு பட்டணப் புறத்திலும், எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் நால்வர் சேர்ந்து வீடு வீடாகச் செல்லட்டும். பிறப்புச் சான்று உண்டா, திருமணம் பதிவாயிற்றா, அட்டையிலுள்ள பெயர் சரியா என்று கேட்டுக் குறிக்கட்டும். இல்லாதவரை ஆபீசுக்கு அழைத்துச் செல்லட்டும்; ஒரு நாள் கூலி இழப்பவருக்குச் சங்கம் அதை ஈடு செய்யட்டும். திருவிழாவுக்கு வசூல் செய்யத் தெரிந்த சமூகத்திற்கு இது அரிய காரியமன்று. தாத்தாவின் பழைய சம்பளச் சீட்டு, கப்பல் சீட்டு, சிவப்பு அட்டை எதுவாயினும் கிழித்தெறியாமல் ஒரு பெட்டியில் வைத்துக் காக்கட்டும். பெரட்டுக் களத்தில் பிறர் கூப்பிடுவதற்காக எழுதப்பட்டிருந்த பெயரை, இனி நம் பிள்ளைகள் தாமே எடுத்துக் காட்டத்தக்க இடத்தில் எழுதி வைப்பது நம் தலைமுறையின் கடமை.