காதோரத்து வீக்கம்

கன்னம் வீங்கிப் பிள்ளை பள்ளியிலிருந்து வந்தால், அந்தக் காலத்துப் பாட்டிகள் முதலில் தேடியது பீரோச் சாவியை. தங்கச் சங்கிலியை எடுத்துப் பிள்ளையின் கழுத்தில் போட்டுவிடுவார்கள். பொன் பட்டால் வீக்கம் வடியும் என்ற நம்பிக்கை. நோய்க்கும் அதுவே பெயராயிற்று: பொன்னுக்குவீங்கி. யாழ்ப்பாணத்தில் இதைக் கூகைக்கட்டு என்பார்கள். தானாகவே ஒரு வாரம், பத்து நாளில் வடிகிற வீக்கம் இது. பெருமை சங்கிலிக்குப் போனது.

ஆனால் நோயை அடையாளம் கண்டதில் பாட்டிகள் கெட்டிக்காரர்கள். பல் சீழ் பிடித்து வீங்கினால் தாடை எலும்பின் முனை பெரும்பாலும் கைக்குத் தட்டுப்படும். பொன்னுக்குவீங்கியில் அந்த முனை வீக்கத்துக்குள் புதைந்துபோகும். காது மடலின் அடிப்பகுதி மேலெழுந்து வெளியே தள்ளி நிற்கும். பிள்ளைக்குப் பின்னால் நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும். புளிப்பை வாயில் வைத்ததும் உமிழ்நீர் சுரந்து வலி சுரீரென்று ஏறும்.

இதே கூர்மையான பார்வை கிரேக்கத்திலும் இருந்தது. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் தாசோஸ் தீவில் பரவிய நோயை ஹிப்போகிரட்டீஸின் பெயரில் உள்ள நூல் விவரிக்கிறது: காதருகே ஒருபுறமோ இருபுறமோ வீக்கம், சீழ் இல்லை, மல்யுத்தக் கூடத்து இளைஞர்களே அதிகம், சிலருக்கு விதைப்பையிலும் வலி. இன்றைய மருத்துவர் எழுதினாலும் இதைவிடத் தெளிவாக எழுத முடியாது.

காரணம் பிடிபடத்தான் நெடுங்காலம் ஆனது. 1660-இல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத் தலையை அறுத்துப் பார்த்த டென்மார்க் இளைஞர் நீல்ஸ் ஸ்டென்சன், காதோரச் சுரப்பியிலிருந்து வாய்க்குள் திறக்கும் மெல்லிய குழாயைக் கண்டார். 1934-இல் அமெரிக்காவின் ஜான்சனும் குட்பாஸ்ச்சரும் நோயாளிகளின் உமிழ்நீரைக் குரங்குகளுக்குச் செலுத்தியது அதே குழாய் வழியாகத்தான். குரங்குகளுக்கும் கன்னம் வீங்கியது. வைரஸ்தான் காரணம் என்று உறுதியானது.

1963-இல் தடுப்பூசி ஆய்வாளர் மாரிஸ் ஹில்மன் தம் ஐந்து வயது மகள் ஜெரில் லின்னின் தொண்டையிலிருந்தே வைரஸை எடுத்தார். 1967-இல் அது தடுப்பூசியாக அனுமதி பெற்றது. உலகின் பல நாடுகளில் அந்தச் சிறுமியின் பெயர்கொண்ட வைரஸ் வகைதான் இன்றும் பிள்ளைகளைக் காக்கிறது.

தமிழ்நாட்டில் 2017-இல் தொடங்கிய அரசின் தட்டம்மை-ரூபெல்லா ஊசியில் பொன்னுக்குவீங்கிக்கான தடுப்பு மருந்து சேர்க்கப்படவில்லை. இது பெருங்குறை, ஏனென்றால் அரிதாகச் சில பிள்ளைகளின் காது கேளாமலும் போகிறது. சங்கிலி கழுத்தில் இருக்கட்டும். கன்னம் வீங்கிய பிள்ளைக்குக் கடும் தலைவலியோ, விதையில் வலியோ, காது மந்தமோ தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.