கீழ்வேகத்தின் வரலாறு: புல்லட்டிலிருந்து ஒரகடம் வரை

பெருங்களத்தூரில் மாலை ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவருக்குக் குதிரைத் திறன் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இரண்டாவது கியரில், கிளட்சைப் பாதி பிடித்தபடி, பேருந்தின் பின்னால் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் வண்டி உதறாமல் போகிறதா என்பதுதான் அவருடைய கவலை. விளம்பரங்கள் உச்சவேகத்தைப் பேசுகின்றன. உடம்பு அனுபவிப்பது இந்தப் பத்துக் கிலோமீட்டரைத்தான். இங்கிருந்து தொடங்கி எஞ்சினின் வரலாற்றை எழுதிப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது.

1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நிறுவனமும் மதராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் உருவான புல்லட்டுக்கு முதல் பெரிய வாடிக்கையாளர் ராணுவம். 346 சிசி, ஒரே பிஸ்டன். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒருமுறைதான் வெடிப்பு. ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 900 சுற்று என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு ஏழரை வெடிப்பு. இடைப்பட்ட நேரத்தில் எஞ்சினை நிற்கவிடாமல் சுழற்றுவது கனமான ஃப்ளைவீல். கீழ்வேகத்தில் வண்டி மாடு மாதிரி இழுப்பதற்கும், ஒவ்வொரு அடியும் காதில் தனித்தனியாக விழுவதற்கும் இதுவே காரணம்.

தனித்தனியாக விழுந்த அந்தச் சத்தத்தை யார் எடுத்துக்கொண்டார்கள்? ராணுவம், போலீஸ், அப்புறம் ஊர்ப் பெரிய வீட்டு ஆட்கள், வட்டிக்கு விடுகிறவர்கள். ஆள் தெருவுக்குள் வருவதற்கு முன்னாடியே அதிகாரம் வந்துவிடும். ‘ஆம்பளை வண்டி’ என்ற சொல்லாடலுக்குப் பின்னால் இருப்பது ஒரு ஃப்ளைவீலின் எடை என்று சொன்னால் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும்.

இதே ரெட்டிச் நிறுவனம் 1930களின் இறுதியில் கேஎக்ஸ் என்ற 1140 சிசி வி-ட்வினைச் செய்துகொண்டிருந்தது. போருக்குப் பின் அது தொடரவில்லை. சென்னைக்கு வந்து சேர்ந்தது ஒற்றை சிலிண்டர். வி-ட்வினில் இரண்டு சிலிண்டர்கள் வி வடிவில் நின்று பொதுவாக ஒரே கிராங்க் முளையைத் தள்ளுகின்றன. அவை 45 பாகையில் நிற்கும் ஹார்லியில் வெடிப்புகளுக்கு இடையே 315, 405 பாகை என்று மாறிமாறி இடைவெளி. 90 பாகையானால் 270, 450. கணக்குப்படி இது நொண்டி நடைதான். ஆனால் 90 பாகை வி-யில் ஒரு பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மற்றது ஏறக்குறைய முழு வேகத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே கணத்தில் நிற்பதே இல்லை. பிஸ்டன்களை நிறுத்தி மறுபடி கிளப்புவதால் கிராங்க்கில் உண்டாகும் ஏற்ற இறக்கம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் கைக்குக் கிடைக்கும் பதில் தெளிவாக இருக்கிறது. வெடிப்பு சமமாக இருப்பதுதான் ‘ஸ்மூத்’ என்று நினைத்தவர்களுக்கு இது சற்றுச் சங்கடமான செய்தி. (வி-ட்வினுக்கும் மிகக் கீழே போனால் 450 பாகை இடைவெளியைத் தாண்ட ஃப்ளைவீல் வேண்டும், இல்லையென்றால் அதுவும் செயினை உதறும்.)

வி வடிவத்துக்கு இடமும் செலவும் அதிகம். சிலிண்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டு, கிராங்க் முளைகளை மட்டும் விலக்கி அதே 270-450 தாளத்தை வரவழைக்கும் வழியை யமஹா 1995இல் டிஆர்எக்ஸ் 850இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2018 நவம்பரில் இந்தியாவில் வெளியான ராயல் என்ஃபீல்டின் 648 சிசி வண்டிகளிலும் இதே கிராங்க். அதே மாதம் மிலான் கண்காட்சியில் 838 சிசி வி-ட்வின் மாதிரி ஒன்றை, பழைய கேஎக்ஸ் பெயரிலேயே, நிறுவனம் காட்டியது. அது விற்பனைக்கு வரவே இல்லை. வி இல்லாமல் வி-யின் துடிப்பு மட்டும் நமக்குக் கிடைத்தது. 2020இல் வந்த 349 சிசி எஞ்சினில் அதிர்வைக் குறைக்கத் தனியாக ஒரு சமன்தண்டு. அதிர்வு போகணும், சத்தம் மட்டும் இருக்கணும். நினைவேக்கத்தைப் பொறியியல் இப்படித்தான் உற்பத்தி செய்கிறது.

இந்த உற்பத்தி நடக்கும் இடம் தாம்பரத்திலிருந்து முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை வழியாகப் போகும் சாலையில் இருக்கிறது. 2013இல் ஒரகடம், 2017இல் வல்லம் வடகால் என்று நிறுவனத்தின் ஆலைகள் வடசென்னையிலிருந்து தெற்கே பெருகின. யமஹாவும் 2015இல் வல்லம் வடகாலுக்கு வந்தது. எஞ்சினுக்குள் சீரற்ற தாளத்தைத் திட்டமிட்டு வைக்கும் இந்த ஆலைகளில் அசெம்பிளி லைன் மட்டும் ஒரே சீராக ஓடியாக வேண்டும். அங்கே ஒரு விநாடி தாமதமும் கணக்கில் ஏறும்.

2018 செப்டம்பரில் அந்த லைன் நின்றது. சங்கம் அமைத்ததை ஒட்டி இரண்டு பேர் நீக்கப்பட்டதை எதிர்த்து யமஹா தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; அதே நாட்களில் ராயல் என்ஃபீல்ட் ஒரகடம் தொழிலாளர்களும் வெளியே வந்தார்கள். ராயல் என்ஃபீல்டின் 270 பாகை கிராங்க் இந்தியச் சந்தைக்கு வருவதற்கு இரண்டு மாதங்கள்கூட இருக்கவில்லை. புதிய வண்டி பற்றி வந்த மதிப்புரைகள் கீழ்வேக இழுவையை வாய்நிறையப் பாராட்டின. மதிப்புரைப் பக்கத்தில் கிராங்க்கின் பாகை வரைக்கும் இருக்கும். அதைக் கோத்தவருடைய ஷிப்ட் நேரம் இருக்காது. படப்பைச் சாலையில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாகத் திரும்பும்போது, அவற்றின் பின்னால் நம் வண்டிகள் இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டிருக்கின்றன.