செங்கம் நடுகற்களும் கேட்போரும்

தகவல் தொடர்பியல் ஆய்வுகள் பலவும் ஒரு முற்கோளின்மேல் எழுந்தவை: அனுப்புவோரிடம் முழுமையாய் உள்ள செய்தி, பெறுவோரைச் சிதையாமல் சென்றடைதல் வேண்டும் என்பதே அது. 1948இல் கிளாட் ஷானன் பொறியியலுக்கென இவ்வமைப்பை வகுத்தபோது, பொருள் பற்றிய வினாவைப் புறத்தே நிறுத்தினார். பின்வந்தோர் அதனை மாந்தர் உரையாட்டிற்கும் விரித்தனர், கேட்போர் வெறுங்கலமாயினர்.

சவ்வாது மலையை அடுத்த செங்கம் வட்டாரத்து நடுகற்கள் வேறொரு நெறியைக் காட்டுகின்றன. தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் நூலாக வெளியிட்ட இவற்றுள் பல, பல்லவர் காலத்து வட்டெழுத்துச் சாசனங்கள். மன்னனின் ஆட்சியாண்டு, ஆநிரை மீட்டுப் பட்ட வீரனின் பெயர் எனச் செய்தி மிகச் சுருங்கியது. எழுத்தறியாதார்க்கு உருவமே உரைக்கும். எனினும் கல்லின் பணி அறிவிப்போடு முடிவதன்று. நீர்ப்படை, நடுதல், வாழ்த்து எனத் தொல்காப்பியம் வகுக்கும் நிலைகள், காண்போரையும் வினையில் பங்குடையோர் ஆக்குகின்றன.

அந்நூலே செய்யுளுறுப்புகள் 34இல் ‘கேட்போர்’ என்பதனை ஒன்றாக எண்ணியது. கூறாது விடுத்ததைக் கேட்போர் நிறைத்துக்கொள்ள ‘எச்சம்’ என்பதனையும் வைத்தது. மலைவாழ் மக்களைப் பெறுவோராக மட்டுமே கருதிச் செல்லும் ஆய்வாளர், தம் குரலின் எதிரொலியையே விடையெனக் கொண்டு மீள்வர். கேட்போரை மறந்து பாடும் கவிஞர்க்கும் இது பொருந்தும்.