மரூச்சி கழிவுநீர்க் கட்டுப்பாட்டு ஊடுருவல் (2000)

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேன் நகருக்கு வடக்கே கடலோரமாக அமைந்திருந்த உள்ளாட்சிப் பகுதி மரூச்சி ஷயர். 2000ஆம் ஆண்டில் அதன் கழிவுநீர் உந்து நிலையங்களை இயக்கிய தரவு ரேடியோ வலையமைப்புக்குள் ஒருவர் வெளியிலிருந்து நுழைந்து பொய்க் கட்டளைகளை அனுப்பினார். ஏறத்தாழ 8 லட்சம் லிட்டர் சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் பூங்காக்களிலும் நீரோடைகளிலும் ஒரு விடுதியின் வளாகத்திலும் பெருகியது. தொழிலகக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் பாதுகாப்பு பற்றிய பாடங்களில் இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படும் நிகழ்வு இது.

தரவு ரேடியோவின் பணி

கழிவுநீர் இயல்பாகச் சரிவை நோக்கி ஓடும். சரிவு இல்லாத இடங்களில் அதைத் தொட்டியில் சேர்த்து, பம்பு வைத்து மேலேற்ற வேண்டும். மரூச்சியில் இத்தகைய உந்து நிலையங்கள் 142 இருந்தன. ஊரெங்கும் சிதறிக் கிடந்த இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஆள் அமர்த்துவது இயலாத செயல். எனவே ஒவ்வொரு நிலையத்திலும் சிறிய கட்டுப்பாட்டுக் கணினியும் அதனுடன் ரேடியோவும் பொருத்தப்பட்டன. பழுது ஏற்பட்டால் எச்சரிக்கைச் செய்தி மையக் கணினிக்குச் செல்லும். பம்பை நிறுத்தவும் இயக்கவும் கட்டளை திரும்பி வரும். இச்செய்திகள் ரிப்பீட்டர் நிலையங்கள் வழியாகச் சென்றன. ஒவ்வொரு ரிப்பீட்டரும் வெவ்வேறு அலைவரிசையில் இயங்கியது. இவ்வகைத் தொலைநிலைக் கட்டுப்பாட்டுக்கு ‘ஸ்காடா’ என்று பெயர்.

அமைப்புகளும் அடையாளமும்

இத்தகைய வலையமைப்பில் ஒரு கருவியைச் சேர்க்க, முதன்மையாக இரண்டு அமைப்புகள் பொருந்த வேண்டும். ஒன்று, ரேடியோவின் அலைவரிசை. மற்றொன்று, நிலையத்தின் முகவரி எண். வகுப்பில் ஆசிரியர் தலை நிமிராமல் வருகைப் பதிவேட்டை வாசிப்பதாக வைத்துக்கொள்வோம். ‘பதினான்கு’ என்றதும் யார் வேண்டுமானாலும் ‘உள்ளேன் ஐயா’ என்று குரல் கொடுத்துவிடலாம். மரூச்சியிலும் நிலைமை இதுதான். எண் சரியாக இருந்தால் செய்தி ஏற்கப்பட்டது. அனுப்பியவர் யார் என்று சோதிக்கப்படவில்லை.

நிகழ்வுகள்

கட்டுப்பாட்டு அமைப்பை நிறுவிய ஒப்பந்த நிறுவனத்தில் தளக் கண்காணிப்பாளராக இருந்த ஒருவர் 1999 டிசம்பரில் பணி விலகினார். பின்னர் உள்ளாட்சி மன்றத்தில் வேலை கேட்டார், கிடைக்கவில்லை. அடுத்த சில வாரங்களில் விளங்காத பழுதுகள் தோன்றின. இயங்க வேண்டிய பம்புகள் நின்றன. எச்சரிக்கைகள் மையத்துக்கு வரவில்லை. மையக் கணினிக்கும் நிலையங்களுக்கும் இடையே தொடர்பு அறுந்தது. புதிய அமைப்பின் கோளாறு என்று முதலில் கருதி, மென்பொருளை மீண்டும் நிறுவிப் பார்த்தனர். பழுது தீரவில்லை.

பின்னர் ஒரு பொறியாளர் ரேடியோ செய்திகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார். கோளாறு விளைவித்த செய்திகள் 14ஆம் எண் நிலையத்திலிருந்து வருவதாகத் தெரிந்தது. நேரில் சென்று பார்த்தபோது அங்கே எல்லாம் சரியாக இருந்தன. அவர் அந்த நிலையத்தின் எண்ணை 3 என்று மாற்றினார். இனி அதன் உண்மையான செய்திகள் 3 என்ற எண்ணில்தான் வரும். 14 என்று வருபவை அனைத்தும் போலி. போலிச் செய்திகள் தொடர்ந்து வந்தன. பழுது அல்ல, யாரோ வேண்டுமென்றே செய்வது என்பது இந்த எளிய மாற்றத்தால் உறுதியாயிற்று.

ஏப்ரல் 23 இரவு, 4ஆம் நிலையத்தின் எண்ணைப் பயன்படுத்தி நான்கு நிலையங்களின் எச்சரிக்கைகள் முடக்கப்பட்டன. அன்றிரவே அந்த முன்னாள் பணியாளரின் காரைக் காவல்துறையினர் நிறுத்தினர். உள்ளே மடிக்கணினி, இருவழி ரேடியோ, உந்து நிலையங்களில் உள்ளதைப் போன்ற கட்டுப்பாட்டுக் கணினி ஆகியவை இருந்தன. ரேடியோ ரிப்பீட்டர்களின் அலைவரிசைகளுக்கு அமைக்கப்பட்டிருந்தது. கட்டுப்பாட்டுக் கணினியின் முகவரி எண் 4. அந்த அமைப்புகளே அவருக்கு எதிரான சான்றுகளாயின. 2001 அக்டோபரில் அவருக்கு இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

விளைவுகள்

கழிவுநீர் கலந்த ஓடையின் நீர் கறுத்தது. நீர்வாழ் உயிரினங்கள் மடிந்தன. துர்நாற்றத்தால் குடியிருப்போர் அவதியுற்றனர். அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்பக் கழகம் வெளியிட்ட 800-82 என்னும் வழிகாட்டி இந்நிகழ்வைக் குறிப்பிடுகிறது.

இதிலிருந்து பெறப்படும் பாடங்கள் தெளிவானவை. அலைவரிசையும் முகவரி எண்ணும் செய்தி சேர வேண்டிய இடத்தைக் காட்டுமே தவிர, அனுப்பியவரின் நேர்மைக்குச் சான்றாகா. செய்திகளை மறையாக்கம் செய்ய வேண்டும். அனுப்பும் கருவியின் உண்மைத்தன்மையைச் சோதிக்க வேண்டும். ரேடியோ செய்திகளைத் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும். அமைப்புகளை அறிந்த ஒருவர் பணியிலிருந்து விலகும்போது, அவர் அறிந்தவற்றையும் மாற்றியாக வேண்டும். ஊழியர் விலகினாலும் அவர் அறிந்த எண்கள் அவருடனேயே செல்கின்றன.