சிலை வந்திறங்கிய துறையிலிருந்து ஒரு சுற்றுலா

எமது ஊருக்குப் பெயரைக் கொடுத்ததே ஒரு சிலைதான். கீரிமலைத் தீர்த்தமாடிக் குதிரைமுகம் நீங்கப்பெற்ற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி, மாவிட்டபுரத்தில் முருகனுக்குக் கோயில் எடுத்தாள் என்பர். அக்கோயிலுக்கான காங்கேயன் திருவுருவம் கடல்வழியாக வந்து இறங்கியதால் இத்துறை காங்கேசன்துறை ஆயிற்று என்பதும் வழிவழியாகச் சொல்லப்படுவது. இது ஐதிகம்; ஐதிகமாகவே கொள்வோம். ஆனால் இக்கடலின் இரு கரைகளையும் சிற்பம் இணைத்தது என்பதற்குக் கல்லிலேயே சான்று உண்டு. அதில் ஒரு பாதி எங்கள் புகையிரதப் பாதையிலேயே கிடக்கிறது.

நூற்றாண்டையொட்டி உயர்தர வகுப்பு மாணவிகளைத் திறந்தவெளிச் சிற்பங்களைக் காண அழைத்துச் செல்வதெனச் சங்கம் முடிவெடுத்தபோது, எங்கே போவது என்பதில்தான் வாதம் எழுந்தது. 2023 ஒக்டோபர் 14 இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்குமான பயணிகள் கப்பல் தொடங்கியதிலிருந்து பலருக்கு மாமல்லபுர ஆசை. எனது எண்ணம் வேறு: முதலில் அநுராதபுரம், இசுருமுனிய.

காரணம் சொல்கிறேன். 1905 இல் வடபகுதிப் பாதை முழுமையடைந்தபின் காங்கேசன்துறை இந்நாட்டுப் புகையிரதத்தின் வட எல்லை. 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. எமக்கு மூத்த அக்காமாருக்குக் கல்விச் சுற்றுலா என்றால் அநுராதபுரமும் பொலநறுவையும்தான். இடியப்பப் பார்சல் அவிழ்த்த கதையைச் சொல்லாத அக்காவை நான் கண்டதில்லை. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும் புகையிரதம் நின்றது; ஊரும் நின்றது. பத்து வயதில் இடம்பெயர்ந்த நான் இன்னொரு பாடசாலையின் கட்டடத்தில் பிற்பகல் வேளைகளில் படித்தேன். சுற்றுலா என்ற சொல்லே எங்கள் வகுப்பில் எழவில்லை. புகையிரதம் காங்கேசன்துறைக்குத் திரும்பியது 2015 சனவரி 2 இல். இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளில் இங்கு படித்த பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்துச் சிற்பங்களைப் புத்தகத்தின் மங்கிய படங்களிலேயே பார்த்தார்கள். நானும் அந்த யானைகளை முதன்முதலில் கண்டது வைத்தியராக அநுராதபுரத்தில் கடமையாற்றியபோதுதான்.

இசுருமுனியவில் குளத்து நீர்மட்டத்தையொட்டிய பாறையில், பிளவின் இருபுறமும் யானைகள் நீராடுகின்றன. ஒன்றின் தும்பிக்கை தூக்கியிருக்கிறது. மாமல்லபுரத்திலும் இதேபோலப் பாறையின் இயற்கையான பிளவு, இதேபோல யானைகள். அருச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்குதல் என்றும் இரு பெயர் கொண்ட அந்தப் பெருஞ்சிற்பம் ஏறத்தாழ 30 மீற்றர் நீளமானது. இசுருமுனிய யானைகளில் பல்லவர் சாயலைக் கண்டு அவற்றை ஏழாம் நூற்றாண்டை ஒட்டியவை என்று அறிஞர் பலர் கொள்வது வெறும் ஊகமன்று. நாட்டை இழந்த இலங்கை இளவரசன் மானவம்மன் பல்லவன் நரசிம்மனிடம் அடைக்கலம் புகுந்து, அவன் போரில் துணைநின்று, அவன் தந்த படையோடு திரும்பி அரசைப் பெற்றான் என்று மகாவம்சமே கூறுகிறது. அந்த நரசிம்மவர்மனின் பட்டப்பெயர் மாமல்லன்; மாமல்லபுரத்தின் பெயர் அவனுடையது. சிங்கள வரலாறு வேறு, தமிழ் வரலாறு வேறு என்று தனித்தனிப் புத்தகங்களில் படிக்கும் எங்கள் பிள்ளைகள் இந்த யானைகளின் முன் நின்று இதைக் கேட்கவேண்டும். அங்கேயே குதிரைத்தலையோடு அமர்ந்த மனிதனின் சிற்பமும் உண்டு. மாவிட்டபுரக் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அதன் முன் என்ன சொல்வார்கள் என்று அறிய எனக்கு ஆவல்.

இனி ஒழுங்குகள். அவை ஆழம் குறைந்த புடைப்புச் சிற்பங்கள். உச்சிவெயிலில் தட்டையாகத் தெரியும். காலையிலோ மாலையிலோ சாய்ந்த ஒளி விழும்போதுதான் யானையின் விலா எழும். விகாரை வளவில் பாதணி கழற்றவேண்டும். நண்பகற் பாறை பாதத்தைச் சுடும். ஆகவே காலை எட்டு மணிக்கு அங்கே நிற்கவேண்டும், அதற்கு முதல் நாளே போய்த் தங்கவேண்டும். போயா தினம் வேண்டாம், யாத்திரிகர் கூட்டம். தோளும் முழங்காலும் மறைந்த உடை. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பது கூடாது. இதை ஆசிரியர்கள் புறப்படுமுன்பே சொல்லிவிடவேண்டும்.

வைத்தியராக ஒன்று. சுற்றுலாவில் எங்கள் பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை. கழிவறை எப்படியிருக்குமோ என்ற பயம். வெயிலில் மயங்கி விழுவதற்கும், திரும்பி வந்து இரண்டாம் நாள் சிறுநீர்த்தொற்றோடு சிகிச்சைக்கு வருவதற்கும் இதுவே பெருங்காரணம். எனவே செல்லும் வழியில் துப்புரவான கழிவறை எங்கெங்கே உண்டென்று ஏற்பாட்டுக் குழுவில் இருவர் முன்கூட்டியே போய்ப் பார்த்து வரட்டும். அணையாடை, மாற்றுடை, ஜீவனிப் பைக்கற்றுகள் ஒரு பையில் இருக்கட்டும். அந்தப் பையை நான் பொறுப்பேற்கிறேன். மாதவிடாய் என்பதற்காக ஒரு பிள்ளையும் வீட்டில் நிற்கக்கூடாது.

பத்து இடங்களை ஒரே நாளில் ஓடிப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இசுருமுனிய, சமாதி புத்தர் சிலை, இரண்டு போதும். ஒவ்வொருவரும் ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டுவந்து ஒரு யானையையாவது வரையட்டும். கைபேசியில் எடுத்த படத்தைப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பதில்லை.

மாமல்லபுரத்தைக் கைவிடச் சொல்லவில்லை. கடவுச்சீட்டு, விசா, வடகீழ்ப் பருவக்காற்று எல்லாவற்றையும் பார்த்து அடுத்த ஆண்டு போகலாம். அநுராதபுரத்துக்கு மாசி மாதம் நல்லது. மழை ஓய்ந்திருக்கும், வெயில் உக்கிரமாகியிராது. புகையிரத நேரங்கள் அடிக்கடி மாறுவதால் நிலையத்தில் நேரில் விசாரித்தே திகதி குறிக்கவேண்டும். கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைகளின் பெயர்களை வகுப்பாசிரியர்கள் அதிபரிடம் மட்டும் கொடுக்கட்டும். அந்தத் தொகையைச் சங்கத்தின் வெளிநாட்டுக் கிளைகளிடம் கேட்டுள்ளோம்.