மூக்குக் கண்ணாடிக்கு மாற்று: ஓர் அறுவைச் சிகிச்சையின் வரலாறு



குளிரூட்டிய பஸ்ஸிலிருந்து கொம்தாரில் இறங்கியதும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து வழி மறைவது பினாங்குவாசிகளுக்குப் பழகிய தொல்லை. மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கு அது ஆபத்தும் ஆகும். காண்டாக்ட் லென்ஸ் எல்லார் கண்ணுக்கும் ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே லேசர் சிகிச்சை செய்துகொள்ளலாமா என்ற கேள்வி பலர் மனத்தில் எழுகிறது. ஜார்ஜ் டவுனின் தனியார் மருத்துவமனைகளிலேயே இன்று அது கிடைக்கிறது. ஆனால் இது நோயற்ற கண்ணில் செய்யும் சிகிச்சை. அதனால்தான் இதன் வரலாறு அறியத்தக்கது.

கருவிழிக்கு முன்னே, கைக்கடிகாரக் கண்ணாடி போல வளைந்து நிற்கும் ஒளிபுகும் படலத்தைக் கார்னியா என்பர். அதன் தடிப்பு நடுவில் அரை மில்லிமீட்டர் அளவே. எனினும் கண்ணின் ஒளி குவிக்கும் திறனில் மூன்றில் இரண்டு பங்கு அதனுடையது. கிட்டப்பார்வை உள்ளவரின் கண் பெரும்பாலும் சற்று நீண்டிருக்கும். பிம்பம் விழித்திரைக்கு முன்பாகவே விழுந்துவிடும். கார்னியாவின் வளைவைத் தட்டையாக்கினால் பிம்பம் பின்னுக்குப் போகும். கருத்து எளியது; செய்கைதான் கடினம்.

1930களின் இறுதியில் டோக்கியோவில் சுடோமு சாட்டோ என்ற மருத்துவர் கார்னியாவின் உட்புறத்தில் கத்தியால் கீறி அதைத் தட்டையாக்க முயன்றார். நூற்றுக்கணக்கான கண்களில் இச்சிகிச்சை நடந்தது. முதலில் பார்வை தெளிந்தது. ஆனால், உட்சுவரில் ஓரடுக்காக இருக்கும் உயிரணுக்களின் வேலை அக்காலத்தில் சரிவரத் தெரிந்திருக்கவில்லை. கசியும் சம்பானில் ஓயாமல் நீர் இறைப்பவனைப் போல, அவை கார்னியாவில் சேரும் நீரை வெளியேற்றுகின்றன. அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பத்து, இருபது ஆண்டுகள் கழித்து அக்கண்களில் பல நீர்கோத்து மங்கின. சாட்டோவின் திறமையைக் குறை சொல்வதற்கில்லை. அவர் பார்த்த காலம் போதவில்லை என்பதே என் எண்ணம்.

1970களில் மாஸ்கோவின் ஃபியோதொரொவ் உட்புறத்தை விட்டு, வெளிப்புறத்தில் மட்டும் சைக்கிள் சக்கரக் கம்பிகள் போலக் கீறினார். தொழிற்சாலை வரிசைபோல நோயாளிகள் ஒருவர்பின் ஒருவராக நகர்ந்துவர மருத்துவர்கள் கீறிய காட்சி உலகப் புகழ் பெற்றது. அமெரிக்காவில் இம்முறையைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. 43 விழுக்காடு கண்கள், நாளாவட்டத்தில் தூரப்பார்வையின் பக்கம் ஒரு டயாப்டரோ அதற்கு மேலோ நகர்ந்திருந்தன.

கத்தியின் இடத்தை ஒளி பிடித்த கதையில் சென்னைக்கும் பங்குண்டு. அங்கு 1929இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற ரங்கசாமி சீனிவாசன் நியூயார்க் மாநிலத்தில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணியாற்றினார். 1981 நவம்பர் 27 அன்று, முன்னாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் எலும்பையும் குருத்தெலும்பையும் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, அவற்றின்மீது எக்சைமர் லேசரின் புற ஊதாக் கதிரைச் செலுத்தினார். வேறு லேசர்கள் தசையைக் கருக்கும். இதுவோ சுற்றுப்புறம் தீயாமல் துல்லியமாகச் செதுக்கியது. ஒவ்வொரு துடிப்பும் எடுப்பது ஒரு மைக்ரானின் பின்னமே. 1983இல் கண் மருத்துவர் ஸ்டீவன் டிரோக்கலும் அவரும் சேர்ந்து இதைக் கார்னியாவில் சோதித்தனர். 2013இல் சீனிவாசனும் உடன் ஆய்ந்த இருவரும் அதிபர் ஒபாமாவிடம் தேசியப் பதக்கம் பெற்றனர்.

பார்வையுள்ள கண்ணில் இந்த லேசர் முதன்முதல் 1988இல் பயன்பட்டது. பொகோட்டாவில் பராக்கர் வளர்த்த, கார்னியாவை மெல்லிய சீவலாக எடுக்கும் கலையை இதனோடு கிரீஸின் பலிகாரிஸ் இணைத்தார். அதுவே லாசிக்.

கார்னியா மெலிந்தவர்கள், கூம்பு போலப் புடைத்தவர்கள், பவர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் இளைஞர்கள், கண் மிகவும் வறண்டவர்கள் ஆகியோரை மருத்துவர் திருப்பி அனுப்பினால் வருந்த வேண்டாம். ஒரு டயாப்டரைப் போக்கச் சுமார் 12 மைக்ரான் செதுக்க வேண்டும். மெலிந்த படலத்தில் அது வலுவைக் குலைத்துவிடும். காண்டாக்ட் லென்ஸ் அணிவோர் அளவெடுப்பதற்குச் சில வாரங்கள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். அது வளைவை மாற்றிக் காட்டும்.

நாற்பதை நெருங்குவோர் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளட்டும். கிட்டப்பார்வைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டே நாளிதழ் படித்துவிடுவார். சிகிச்சைக்குப் பின் அந்த வசதி போய்விடும். வாசிப்புக் கண்ணாடி வாங்க நேரும். ஒரு கண்ணில் மட்டும் சிறிது கிட்டப்பார்வையை விட்டுவைக்கும் முறையும் உண்டு. அதைக் காண்டாக்ட் லென்ஸ் அணிந்து சில நாள் பழகிப் பார்த்தபின் முடிவு செய்வது வழக்கம்.